குழந்தைக்குக் காணாக்கடி தடித்தால்

மத்தியானம் முதுகில் இருந்த தடிப்பு சாயந்தரம் தொடைக்கு இடம் மாறியிருந்தால் அது காணாக்கடிதான். மும்பை வெக்கையில் இதை வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் கொட்டுகிறவர்கள் உண்டு. வேர்க்குரு பொடிப்பொடியாக அதே இடத்தில் நாள்கணக்கில் இருக்கும். காணாக்கடி திட்டுத்திட்டாகப் புடைக்கும், அழுத்தினால் வெளுக்கும்.

சந்தேகமா? ஒரு திட்டைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் மணியை எழுதுங்கள். 24 மணி நேரத்துக்குள் வட்டத்துக்குள் தோல் பழையபடி ஆகிவிட வேண்டும். வேறு இடத்தில் புதிதாகக் கிளம்பினால் பரவாயில்லை. அதே திட்டு மறுநாளும் நின்றாலோ, கன்றிப்போனதுபோல் தழும்பு விட்டாலோ, மூட்டு வீங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்து செடிரிசின் சிரப். லேபிளில் 5 மில்லியில் 5 மி.கி. என்று இருக்கிறதா பாருங்கள். சொட்டு மருந்தின் அளவு வேறு. 2 முதல் 5 வயதுக்கு 2.5 மில்லி, தேவைப்பட்டால் 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2.5. 6 வயது முதல் ஒரு நாளைக்கு மொத்தம் 5 முதல் 10 மில்லி. இரண்டு வயதுக்குக் கீழே, அல்லது சிறுநீரகக் கோளாறு இருந்தால், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சமையல் கரண்டியால் அளக்காதீர்கள். கூடவே சளி சிரப் ஊற்றாதீர்கள். பலவற்றில் இன்னொரு அலர்ஜி மருந்து கலந்திருக்கும். தடிப்பு அடங்கிய அன்றே நிறுத்தினால் மறுநாள் திரும்பக் கிளம்பலாம். எத்தனை நாள் கொடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரிப்புக்கு ஈரத்துணி ஒத்தடம், தளர்ந்த பருத்திச் சட்டை. வெந்நீர்க் குளியல் அரிப்பைக் கூட்டும். காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென் சில குழந்தைகளுக்குத் தடிப்பை அதிகமாக்கும்.

வீட்டில் முதல் பழி முட்டைக்கும் இறாலுக்கும் விழும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் காரணம் சளிக் காய்ச்சல் வைரஸ். சாப்பாட்டு அலர்ஜி என்றால் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ராத்திரி தின்ற இறாலைக் காலைத் தடிப்புக்குக் குற்றம் சொல்ல முடியாது. புதிதாக ஆன்டிபயாடிக் தொடங்கியிருந்தால் அடுத்த வேளைக்கு முன் டாக்டருக்குப் போன் போடுங்கள். கைவைத்தியமாகக் கொடுக்கும் வெற்றிலை மிளகுக்குக் கிடைக்கும் நல்ல பெயரும் இப்படித்தான்: தானாக மறையும் தடிப்புக்குக் கடைசியாகக் கொடுத்தது பேர் வாங்கிக்கொள்ளும்.

தடிப்போடு நாக்கு வீக்கம், குரல் கம்மல், மூச்சிரைப்பு, திரும்பத்திரும்ப வாந்தி, துவண்டுபோதல் இதில் ஒன்று வந்தாலும் சிரப்பைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அப்போது தேவை தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. ஆம்புலன்ஸ் வரும்வரை குழந்தையைப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். நடக்கவிடாதீர்கள்.

ஆறு வாரம் தாண்டியும் விட்டுவிட்டு வந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள். தடிப்பு இருக்கும்போதே போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் முறை வருவதற்குள் தோல் பளிச்சென்று ஆகியிருக்கும்.