காட்டுக்குள் பிள்ளையை அனுப்பும் முன்: சிறுவர் சாகச நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று காட்டில் வழி தவறி, நாலைந்து நாள் தனியே சமாளித்து, வேறு ஆளாக வீடு திரும்புகிறது. சிறுவர் நாவலுக்கு இதைவிட நல்ல கதை கிடைப்பது கஷ்டம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்து எழுதுகிறவர்களுக்கு வாவி, குளம், வயல், அதைத் தாண்டினால் காடு, காட்டுக்குள் யானை என்று எல்லாமே வாசலில் கிடக்கிறது. அப்படியிருந்தும் வாசிக்கக் கிடைக்கும் கைப்பிரதிகளில் பாதிக்கு மேல் வருவது வேறு யாருடையவோ காடுதான். ஓநாய் ஊளையிடுகிறது, பிள்ளை குகைக்குள் ஒதுங்குகிறது, கூர்க்கம்பால் மானைக் குத்திச் சுட்டுத் தின்கிறது, வடதுருவ நட்சத்திரத்தைப் பார்த்து வீடு வந்து சேர்கிறது. இலங்கையில் ஓநாயே கிடையாது. சிங்கமும் வரிப்புலியும்கூடக் கிடையாது. வாவிக்கு மேற்கே, காட்டோரம் இருக்கும் படுவான்கரைப் பிள்ளைக்கு இது தெரியும். எழுதுகிறவருக்குத் தெரியவில்லை என்று கண்டுபிடித்த கணத்திலேயே அது புத்தகத்தை மூடி வைத்துவிடும்.

காடு பொய்யாக இருந்தால் பிள்ளை வளர்ந்ததும் பொய்யாகிவிடும் என்பதுதான் என் கட்சி. பிள்ளை ஒரு பிழை விடுகிறது, காடு அதற்கு ஒரு விலை கேட்கிறது, அந்த விலையைக் கொடுத்துத்தான் பிள்ளை பெரிதாகிறது. என்ன பிழை, என்ன விலை என்பதை அந்த இடம்தான் தீர்மானிக்கும், நீங்கள் அல்ல.

அதனால் முதலில் எந்த லீவு என்று முடிவு பண்ணுங்கள். பலரும் “விடுமுறை தொடங்கியது” என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஓகஸ்ட் லீவுக்கும் டிசம்பர் லீவுக்கும் இடையில் இருப்பது இரண்டு வேறு நாவல்கள். ஓகஸ்டில் கச்சான் காற்று அடித்து எல்லாம் காய்ந்து கிடக்கும், ஆறுகள் பல இடத்தில் வெறும் மணலாக இருக்கும், குளம் வற்றிக் கரை புல்லாகும், அந்தப் புல்லுக்கும் மிஞ்சிய தண்ணீருக்கும் யானை வரும், சிறுபோக அறுவடைக்கு நிற்கும் வயலுக்கும் வரும். அங்கே பிள்ளையின் எதிரி தாகம். டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை, குளத்தின் வான்கதவு திறந்திருக்கும், வாய்க்கால்கூட ஆளை இழுக்கும், விறகு பற்றாது, நனைந்த உடுப்போடு இரவெல்லாம் கிடந்தால் எங்கள் ஊரிலும் உடம்பு விறைக்கும். அங்கே தண்ணீர்தான் எதிரி. ஒரே கதையில் பிள்ளை முதல் நாள் தாகத்தில் மயங்கி, மூன்றாம் நாள் காட்டாற்று வெள்ளத்தில் மிதந்து போனால், எழுதினவர் கலண்டரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். சூறாவளி வேண்டுமென்றால் 1978 நவம்பர் 23 இருக்கிறது. ஆனால் அந்த இரவைக் கையில் எடுத்தால் கதை முழுக்க அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டும், ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் கடன் வாங்க முடியாது.

அடுத்தது, பிள்ளை எப்படிக் காட்டுக்குள் போகிறது? இதற்கு விமானம் விழுத்த வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. பட்டியில் குறைந்த மாட்டைத் தேடி மயிலத்தமடுப் பக்கம் போன மாமாவோடு ஒட்டிக்கொண்டு போகலாம். தேன் எடுக்கப் போகிறவர்களுக்குப் பின்னால் போகலாம். கதிர்காமப் பாதயாத்திரையில் உகந்தை தாண்டிக் குமணக் காட்டுக்குள் நடக்கும்போது கூட்டத்தைத் தவற விடலாம், அதில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. யாத்திரைப் பாதையில் ஆள் ஓயாது, பாதையிலேயே நின்றால் அரை மணித்தியாலத்தில் யாரோ ஒரு அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விடுவார். ஆகவே பிள்ளை ஏன் பாதையை விட்டு விலகியது என்பதற்குக் கனமான காரணம் வேண்டும். அந்தக் காரணத்தில்தான் பிள்ளையின் குணமும் இருக்கும். கோபமா, வீம்பா, தம்பியைத் தேடிப் போனதா? இதை ஒரு வரியில் முடித்துவிட்டு யானையிடம் ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம் போன். இதை மறந்தே போய்விடுகிறார்கள், வாசிக்கிற பிள்ளை மறக்காது. சிக்னல் இல்லையா, சார்ஜ் இறங்கிவிட்டதா, வயல் காவல் குடிலான வாடியில் விட்டுவிட்டு வந்ததா? எதுவாக இருந்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் போன் வராத காலத்தில் கதையை வையுங்கள்.

திசை விஷயத்தில்தான் இரவல் அறிவு அப்பட்டமாகத் தெரியும். மட்டக்களப்பு கிட்டத்தட்ட 7.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அதாவது துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய எட்டுப் பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்துப் பாருங்கள், அந்த முஷ்டியின் உயரம்கூட இல்லை. காட்டு மரங்களுக்கு நடுவே நிற்கும் பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. அதேபோல “நண்பகலில் நிழல் வடக்கே விழும்” என்பதும் ஒரு கதை. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் முடியும் வரைக்கும் எங்கள் ஊரில் உச்சி வெயில் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். ஓகஸ்ட் லீவில் தொலைந்த பிள்ளை புத்தகத்தில் படித்ததை நம்பி நடந்தால் நேர் எதிர்த்திசைக்குப் போகும். இதைத் தவிர்க்கலாம், அல்லது கெட்டிக்காரராக இருந்தால் பிள்ளையின் பிழையாகவே இதை வைக்கலாம். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை, படித்ததை அப்படியே நம்பி ஒரு நாள் முழுக்க மறு பக்கம் நடந்துவிடுகிறது என்றால் எவ்வளவு நல்ல அத்தியாயம்! நட்சத்திரம்தான் வேண்டுமென்றால் ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று வெள்ளிகளை எடுங்கள், அவை ஏறக்குறைய நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் விழும். டிசம்பரில் இருட்டியதும் தெரியும், ஓகஸ்டில் விடியப்புறம்தான் தெரியும். இருட்டும் இங்கே சட்டென்று விழும். ஆறு, ஆறேகாலுக்கு வெயில் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் கை தெரியாது. ஒரு மணித்தியாலம் நீளும் அந்திப்பொழுதில் பிள்ளை குடில் கட்டுவது வேறு நாட்டுக் கதை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு உண்மையில் வழி காட்டுவது வாய்க்கால்தான். குளத்திலிருந்து இறங்கும் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு போனால் வயல் வரும், வயலில் வாடி இருக்கும், வாடியில் காவலுக்கு ஆள் இருக்கும். யானை வேலியைப் பிடித்துக்கொண்டு போனாலும் மனிதர் வருவார்கள்.

தண்ணீர். வாவித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தான் என்று எழுதாதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது, குடிக்கக் குடிக்கத் தாகம்தான் கூடும். வற்றிய ஆற்றில் மிஞ்சி நிற்கும் மடுவும் ஆபத்து, சுற்று வட்டாரத்து முதலையெல்லாம் ஒதுங்குவது அங்கேதான். மடுவை விட்டு விலகி ஆற்று மணலைத் தோண்டினால் ஊறும். யானையும் அப்படித்தான் தோண்டிக் குடிக்கும். பிள்ளை அதைப் பார்த்துப் படிக்கிறது என்றால் ஒரு மந்திரக் கிழவரின் உபதேசமும் தேவைப்படாது.

சாப்பாட்டுக்கு இவ்வளவு பக்கம் ஒதுக்க வேண்டாம். தண்ணீர் இருந்தால் மனிதர் பல நாள் பட்டினி கிடப்பார், கதை நடப்பது நாலு நாள். மான் வேட்டை வேண்டவே வேண்டாம், வளர்ந்த ஆளுக்கே கிட்டாதது சிலிப்பரோடு நிற்கும் பிள்ளைக்கு எப்படிக் கிட்டும்? பழமென்றால் பருவம் பாருங்கள். பாலைப்பழமும் வீரைப்பழமும் வருடம் முழுக்கத் தொங்குவதில்லை. வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும்போது நிறையத் தின்றால் பால் உதட்டில் ஒட்டிப் பிசுபிசுக்கும்; இந்த ஒரு விவரம் போதும், வாசிக்கிற பிள்ளை உங்களை நம்பிவிடும். மிக மோசமான தவறு, “குரங்கு தின்பதை மனிதரும் தின்னலாம்” என்று எழுதுவது. மந்தியின் இரைப்பை வேறு, நம்மால் செரிக்க முடியாத இலையையும் காயையும் அது சமாளிக்கும். கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கைத் தின்னக்கூடிய கிழங்கு என்று நினைத்து இறந்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகள் வாசிக்கிற புத்தகம் இது, பெயர் தெரியாத ஒன்றை உங்கள் நாயகன் தின்று தப்பினால் யாராவது ஒரு பிள்ளை அதைச் செய்து பார்க்கும்.

மிருகங்களில் யானைக்குத்தான் எல்லோரும் மேடை கொடுக்கிறார்கள். கரடியை மறந்துவிடுகிறார்கள். காட்டுக்குப் போய் வருகிறவர்களிடம் எதற்குப் பயம் என்று கேட்டால் பெரும்பாலும் கரடி என்பார்கள், ஏனென்றால் திடீரென்று எதிர்ப்பட்டால் அது முகத்துக்குத்தான் பாயும். கரடி துரத்தப் பிள்ளை மரத்தில் ஏறித் தப்பியது என்று எழுதுகிறீர்கள், கரடியும் மரம் ஏறும். அதுவும் பழுத்த பாலை மரத்தில் பிள்ளையை ஏற்றிவிட்டால் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார வைத்த மாதிரி.

பாம்பு கடித்த இடத்தைக் கீறி, வாயால் நஞ்சை உறிஞ்சித் துப்புவது சினிமாவோடு போகட்டும். கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். இங்கே எழுதுகிறவருக்கு ஒரு கதைச் சிக்கல் வரும். நஞ்சுப் பாம்பு கடித்துவிட்டால் உங்களிடம் இருப்பது நாட்கள் அல்ல, சில மணித்தியாலங்கள்தான், அதன் பிறகு காட்டுச் சாகசம் நடக்காது. பச்சிலை வைத்துக் கட்டி மறுநாள் பிள்ளை எழும்பி நடந்தால் அது பொய். கட்டுவிரியன் இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைத்தான் அதிகம் கடிக்கும், பல வேளை வலிகூடத் தெரியாது, பிறகுதான் வயிற்று வலி, இமை தூக்க முடியாமை எல்லாம் வரும். நிலத்தில் படுப்பதா, பரணில் ஏறிப் படுப்பதா என்ற முடிவே ஒரு பக்கம் எழுதக்கூடிய விஷயம்.

ஆனால் எங்கள் காட்டில் மிக மோசமான ஆபத்து மிருகமே அல்ல. மிருகம் போகும் தடத்தில் முழங்கால் உயரத்தில் நூல் கட்டி வைத்திருக்கும் கட்டுத்துவக்கு, அதாவது நூல் இழுபட்டால் தானே வெடிக்கும் துப்பாக்கி. பன்றிக்கென்று பழத்துக்குள் வைத்துப் போட்ட வெடி. யானை வேலி என்று வீட்டு மின்சாரத்தையே நேராக இழுத்து விட்டிருக்கும் கம்பி. முறையாகப் போட்ட வேலி தட்டிவிடும், இது கொன்றுவிடும். மிருகத் தடத்தில் நடந்தால் தண்ணீருக்குப் போகலாம் என்று பிள்ளை சரியாகத்தான் கணக்குப் போடுகிறது, அந்தத் தடத்தில்தான் துவக்கும் இருக்கிறது. இதைவிட நல்ல இக்கட்டை எந்த ஓநாயும் உங்களுக்குத் தராது. இதை வைத்தவன் யார் என்று பார்த்தால், பிள்ளைக்குத் தெரிந்த, பிள்ளை மதிக்கிற ஒரு பெரியவராக இருக்கலாம். அங்கே ஒரு பிள்ளை சட்டென்று பெரிதாகும்.

நெருப்புக்கு ஒரு சொல். கிட்டப் பார்வைக் கண்ணாடியால் நெருப்பு மூட்ட முடியாது, அது ஒளியை விரிக்கும், குவிக்காது. உலகப் புகழ்பெற்ற ஒரு நாவலிலேயே இந்தப் பிழை இருக்கிறது, ஆகவே வெட்கப்பட வேண்டாம், ஆனால் திருத்துங்கள். பேசாமல் நெருப்புப்பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு, வாய்க்கால் தாண்டும்போது அதை நனைத்துவிடுங்கள்.

போர்க்காலத்தில் கதையை வைப்பதென்றால், 2007 வரைக்கும் குடும்பிமலைக் காடு போர்க்களம் என்பதை மறக்காதீர்கள். முகாம், மிதிவெடி, சோதனைச்சாவடி எதுவுமே இல்லாத 1995ஆம் ஆண்டுக் காடு என்று ஒன்று இல்லை. அந்தக் காட்டுக்குள் காணாமல் போன பிள்ளையைத் தாய் எப்படித் தேடியிருப்பாள், யாரிடம் போய்க் கேட்டிருப்பாள் என்று யோசித்தாலே கதையின் நிறம் மாறிவிடும்.

வேடர் கிழவர் ஒருவர் மரத்தடியில் தோன்றி ஞானம் சொல்லிவிட்டு மறைவதையும் நிறுத்திக்கொள்ளலாம். வாகரைப் பக்கம் இருக்கும் கரையோர வேடர்கள் தமிழ் பேசி, மீன் பிடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி வாழ்கிற அயலவர்கள். கதையில் வந்தால் பெயரோடும் வேலையோடும் கோபத்தோடும் வரட்டும். அதே மாதிரி, அம்பாறைக் காட்டில் பிள்ளையை முதலில் காண்பது சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தில் மீன் பிடிக்கிற சிங்களம் மட்டும் பேசும் ஒருவராக இருக்கலாம். பிள்ளைக்குப் பாடப்புத்தகச் சிங்களம் நாலு சொல் தெரியும். அந்த நாலு சொல்லால் என்ன கேட்பது? ஆனால் பெரியவர்கள் யாராக இருந்தாலும் பிள்ளையை முழுதாகக் காப்பாற்ற விடாதீர்கள். கடைசி முடிவைப் பிள்ளைதான் எடுக்க வேண்டும், பிழையாக எடுத்தாலும் பரவாயில்லை.

பிள்ளைகள் பேச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காட்டில் பயந்து நிற்கும் பிள்ளை “நான் அஞ்சப் போவதில்லை” என்று பேசாது. “மறுகா (இனி) என்ன செய்யிற?” என்றுதான் கூட வந்த மச்சானிடம் கேட்கும். கூட வருவது காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து வந்த சிநேகிதன் என்றால் அவன் வாப்பா, உம்மா, ராத்தா என்றுதான் சொல்வான். கூட வருகிற பெண்பிள்ளை சமைக்கவும் அழவும் மட்டும் வருகிறாள் என்றால் அவளை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

கடைசியாக, தேடி வந்தவர்கள் பிள்ளையைக் கண்டதும் முற்றும் போடாதீர்கள். இன்னும் இரண்டு அத்தியாயமாவது இருக்கிறது. வீடு அப்படியே இருக்கிறது, பெத்தா (பாட்டி) சோறு தீத்தி விட வருகிறார், அப்பா இன்னும் சின்னப் பிள்ளையாகவே நினைத்துச் சைக்கிளைப் பூட்டி வைக்கிறார், பள்ளிக்கூடத்தில் கதை கேட்கிறவர்கள் யானையைப் பற்றி மட்டும்தான் கேட்கிறார்கள். அந்தத் துவக்கை வைத்தவர் யார் என்பதைப் பிள்ளை வெளியே சொல்லுமா, மாட்டாதா? நாவலின் உண்மையான உச்சம் அங்கேதான். எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுங்கள், பட்டி வைத்திருக்கும் ஒருவரிடமும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றிடமும். முதலாமவர் எங்கே சிரிக்கிறார் என்று பாருங்கள், இரண்டாவது ஆள் எங்கே பக்கத்தைத் தாண்டுகிறது என்று பாருங்கள், அந்த இடங்களைத் திரும்ப எழுதுங்கள்.