நிலநடுக்கத்தின் ஒலியை ஜிபிஎஸ் தரவில் தேடுவது எப்படி?

பெரிய நிலநடுக்கத்தின்போது தரையோ கடற்பரப்போ செங்குத்தாக ஏறி இறங்குகையில், அது மேலிருக்கும் காற்றைத் தள்ளி, செவிக்கு எட்டாத, ஏறத்தாழ நான்கு நிமிட அலைவுக்காலம் கொண்ட ஒலியலைகளை எழுப்புகிறது. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், அதே ஆற்றலைச் சுமக்கும் காற்றுத் துகள்கள் மேலும் மேலும் பெரிதாக அசைகின்றன. சுமார் 300 கி.மீ. உயரத்தில் அந்த வீச்சு பல்லாயிரம் மடங்காகி, அயனமண்டலம் எனப்படும், மின்னூட்டம் பெற்ற மேல்வளி அடுக்கின் எலக்ட்ரான்களையும் ஆட்டிவிடுகிறது. 2011-இல் ஜப்பானைத் தாக்கிய டோஹோகு நிலநடுக்கத்தின் அலைகளை, ஈர்ப்புப்புலத்தை அளக்க அனுப்பப்பட்ட ஐரோப்பியச் செயற்கைக்கோளான கோச்சே, தன் முடுக்கமானிகளால் நேரடியாகவே உணர்ந்தது. நாம் வீட்டுக் கணினியில் செய்து பார்க்கக்கூடியது, அயனமண்டலத்தைக் கடந்து வரும் சிக்னலில் அந்த எலக்ட்ரான்களின் ஆட்டத்தைத் தேடும் ஜிபிஎஸ் வழிதான்.

படி 1: நிகழ்வைத் தேர்ந்தெடுத்தல்

ரிக்டர் 5 அளவிலான அதிர்வுகளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தெளிவான தடம் பொதுவாக 6.5-க்கு மேல்தான் கிடைக்கும். முதல் முயற்சிக்கு, 2011 மார்ச் 11 அன்று உலகப் பொது நேரம் 05:46-க்கு நிகழ்ந்த டோஹோகுவே ஏற்றது.

படி 2: தரவைப் பெறுதல்

சர்வதேச ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்புகள்) சேவையின் ஜப்பான் நிலையம் ஒன்றின், உதாரணமாக மிசுசாவாவின், அன்றைய ரைனெக்ஸ் கோப்பை (ரிசீவரின் மூல அளவீடுகளைப் பதியும் பொது வடிவம்) இறக்கிக்கொள்ளுங்கள். அலைவுக்காலம் நிமிடக் கணக்கில் இருப்பதால் 30 வினாடிக்கு ஒரு பதிவு போதுமானது.

படி 3: எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கணக்கிடுதல்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் எல்1 (1575.42 மெகாஹெர்ட்ஸ்), எல்2 (1227.60 மெகாஹெர்ட்ஸ்) ஆகிய இரு ரேடியோ அலைகளையும் அயனமண்டலம் வெவ்வேறு அளவில் பாதிக்கிறது என்பதே இம்முறையின் உயிர்நாடி. ஒவ்வொன்றின் கட்ட அளவையும் (அலைச் சுழற்சிகளின் எண்ணிக்கை) அதனதன் அலைநீளத்தால் (19.03 செ.மீ., 24.42 செ.மீ.) பெருக்கி மீட்டராக்கி, எல்1-இலிருந்து எல்2-ஐக் கழித்து, விடையை 9.52-ஆல் பெருக்கினால், சிக்னல் வந்த பாதையிலுள்ள மொத்த எலக்ட்ரான்களின் மதிப்பு, ஒரு சதுர மீட்டருக்கு 10¹⁶ எலக்ட்ரான்கள் என்னும் அலகில் கிடைக்கும். அதில் அறியாத மாறிலி ஒன்று கலந்திருக்கும். நமக்கு வேண்டியது மாற்றம் மட்டுமே என்பதால் கவலையில்லை. ஆனால் ரிசீவர் சிக்னலைத் தவறவிட்ட இடங்களில் கோடு படிக்கட்டுபோல் திடீரெனத் தாவும். அத்தாவல்களை முதலில் சரிசெய்யாவிட்டால், அடுத்த படியில் அவையே அலைகளாக வேடமிடும்.

படி 4: வடிகட்டுதல்

செயற்கைக்கோள் வானில் நகர்வதாலும் சூரியன் சாய்வதாலும் வரும் மெதுவான ஏற்றஇறக்கம் நாம் தேடும் சிற்றலையைவிடப் பன்மடங்கு பெரியது. ஆகவே 2 முதல் 8 மில்லிஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை மட்டும் விட்டுவைத்து மற்றதை நீக்குங்கள். வடிகட்டி தரவின் இரு ஓரங்களிலும் பொய்யலைகளை உண்டாக்கும் என்பதால், நிகழ்வுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது சேர்த்துக்கொள்வது நல்லது.

படி 5: அது நிலநடுக்கத்தின் அலைதானா?

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்: நிலம் குலுங்கிய அதே நிமிடத்தில் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஒலி அவ்வளவு உயரம் ஏற எட்டு முதல் பத்து நிமிடங்கள் ஆகும். அதற்கு முன்னரே தெரியும் துள்ளலைத்தான் சந்தேகிக்க வேண்டும். மேலும், அளவீடு நடப்பது ரிசீவர் இருக்கும் இடத்திலன்று, சாய்வாக வரும் சிக்னல் 300 கி.மீ. உயரத்தைத் துளைக்கும் புள்ளியில். பல செயற்கைக்கோள்களுக்கு அப்புள்ளியைக் கண்டு, நிலநடுக்க மையத்திலிருந்து அதன் தூரத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால், கோட்டின் சாய்வே அலையின் வகையைச் சொல்லிவிடும். வினாடிக்கு ஏறத்தாழ 1 கி.மீ. என்றால் மையத்திலிருந்து நேராக எழுந்த ஒலி. 3 முதல் 4 கி.மீ. என்றால் தரையோடு ஓடும் ரேலி அலை போகும் வழியெல்லாம் எழுப்பிய ஒலி. 200 முதல் 300 மீட்டர்தான் என்றால் அது ஒலியே அன்று, சுனாமி கிளப்பிய வளிமண்டல ஈர்ப்பலை, அதாவது புவியீர்ப்பு மீட்டிழுக்கக் காற்று ஏறி இறங்கும் அலை.

இன்னும் ஐயமிருந்தால் முந்தைய நாளின் கோப்பைத் திறந்து, சுமார் நான்கு நிமிடம் தள்ளிப் பாருங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நாள்தோறும் அவ்வளவு முன்னதாகவே அதே இடத்துக்கு வருவதால், கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சிக்னலால் உண்டான நெளிவாயின் அன்றும் அது அப்படியே தென்படும்.