துபாய்க்குப் புதிதாக வருகிறீர்களா? வீட்டுக்குப் பேசும் செயலியில் கவனம்

மருத்துவப் பரிசோதனை, கைரேகை, எமிரேட்ஸ் ஐடி, சிம் கார்டு எல்லாவற்றையும் கம்பெனி ஆளே கூட்டிப்போய் முடித்துக் கொடுத்துவிடுவார். அதில் பயப்பட ஒன்றுமில்லை. சிக்கல் அன்று இரவுதான் தொடங்கும். ஊரில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசியே பழகியவர்கள் நாம். இங்கே அதில் செய்தி போகும், குரல் பதிவு போகும், அழைப்பு போகாது. உரிமம் பெற்ற செயலிகளுக்கு மட்டுமே அந்த அனுமதி. பிள்ளை முகத்தைப் பார்க்கத் தவித்துக் கிடக்கும் நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரர், "இதைப் போடுங்கள் தம்பி, காசே இல்லை" என்று ஏதோ ஒன்றைக் காட்டுவார்.

எனக்கும் அப்படித்தான் ஒருவர் காட்டினார். தொடர்பு எண்கள், படங்கள், மைக், இருப்பிடம் என்று அது கேட்டதற்கெல்லாம் அனுமதி கொடுத்தேன். பத்தே நாளில், திருநெல்வேலியில் இருக்கும் என் தங்கைக்கு நள்ளிரவில் முன்பின் தெரியாதவர்களின் அழைப்புகள் வரத் தொடங்கின. வீட்டு ஆட்களைத் தவிர யாரிடமும் எண் கொடுக்காதவள் அவள். "நம்பர் எப்படி வெளியே போனது மச்சான்?" என்று அவள் கணவர் கேட்டபோது எனக்கு வாய் எழவில்லை. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

யாரோ கையில் சிக்கியதற்கே இந்தப் பாடு. அரசாங்கத்தின் கைக்குப் போனால்? 2019இல் டோடாக் என்ற செயலி இங்கே இலவசமாக, தடையே இல்லாமல் ஓடியது. அந்த டிசம்பரில், அது அமீரக அரசின் உளவுக் கருவி என்று அமெரிக்க அதிகாரிகளை மேற்கோள் காட்டி நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. ஆனாலும் கூகுளும் ஆப்பிளும் அதைத் தங்கள் தளங்களிலிருந்து எடுத்துவிட்டன. அதை ஆராய்ந்த வல்லுநர் சொன்னதுதான் என்னை உலுக்கியது: அதில் திருட்டு வழி எதுவும் இல்லை. போட்டவர்களே எல்லா அனுமதியையும் கொடுத்திருந்தார்கள்.

இணையத்தில் நாம் இருக்கும் இடத்தை மறைத்து, வேறொரு கணினி வழியாக நம்மை அனுப்பும் விபிஎன் செயலியைப் போட்டு அந்தத் தடையைத் தாண்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் நம் கருவியை அடையாளம் காட்டும் எண்ணை, மறைத்துக் குற்றம் செய்தாலோ, குற்றத்தை மறைத்தாலோ, 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டப்படி சிறை உண்டு. அபராதம் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை. அதுவும் இலவச விபிஎன் என்றால், இணையத்தில் நீங்கள் அனுப்புவதும் பெறுவதும் மொத்தமும் முகம் தெரியாத ஒருவன் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும்.

இப்போது வீடியோ அழைப்புக்கென்றே ஒரு பழைய கைபேசி வைத்திருக்கிறேன். அதில் அம்மா, மனைவி, தம்பி என்று மூன்றே எண்கள். உரிமம் பெற்ற செயலி அதில் மட்டும்தான். பண விஷயம், நிலத் தகராறு, உடம்புக்கு முடியாத சேதி எல்லாம் வாட்ஸ்அப் குரல் பதிவில். அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் கேட்க முடியாதபடி அது மறையாக்கம் செய்யப்படுகிறது. பாஸ்போர்ட் நகலை எந்த இலவசச் செயலியிலும் அனுப்புவதில்லை.

அம்மாவும் குரல் பதிவுக்குப் பழகிவிட்டார். பேசி முடித்த பிறகும் விரலை எடுக்க மறந்துவிடுவார். குக்கர் விசில், பால்காரரின் சைக்கிள் மணி எல்லாம் சேர்ந்தே வரும். காலையில் அல் கூஸ் போகும் பஸ்ஸில் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பேன்.