தரங்கம்பாடிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பள்ளி விடுமுறை தொடங்கினால் மயிலாடுதுறைப் பக்கம் இருக்கும் எங்களுக்குச் சொந்தக்காரர்களின் போன் வரத் தொடங்கிவிடும். "தரங்கம்பாடி சர்ச் பாக்கணும், கூட வர்றீங்களா?" சரி என்று போவேன். ஒவ்வொரு கோடையிலும் புதிதாக ஒரு குடும்பம் வரும், நான் பழக்கமில்லாத காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்யும். தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள் என்பதை எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

"வழியிலதானே இருக்கு"

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதைக் கேட்டால்தான்.

காலையில் வேளாங்கண்ணி, அப்புறம் நாகூர், திருநள்ளாறு, நடுவில் தரங்கம்பாடி, மாலையில் திருக்கடையூர், நேரம் இருந்தால் பூம்புகார் என்று ஒரே நாளில் ஆறு ஊர் போட்டுவிடுவார்கள். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கோட்டில்தான் இருக்கும். ஆனால் கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். அதனால் வேன் டிரைவர் காலையையும் மாலையையும் கோயில்களுக்குக் கொடுத்துவிட்டு, நடுவில் மிஞ்சும் உச்சி வெயில் நேரத்தைத் தரங்கம்பாடிக்கு ஒதுக்குவார். "சர்ச்சும் கோட்டையும்தானே, எப்ப வேணா பாக்கலாம்" என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்குதான் தப்பு. எல்லாரும் பார்க்க வரும் அந்த சர்ச், அதாவது புதிய எருசலேம் ஆலயம், டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழையும் காட்சிக்கூடம் அல்ல. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் சபை இன்றைக்கும் அங்கே கூடி ஆராதிக்கிறது. ஆராதனை இல்லாத வேளையில் கதவு பூட்டியிருக்கலாம். சாவி வைத்திருப்பவரும் மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர்தான்.

ஒரு மே மாதம் கோவைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெரியவர்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். அதில் ஒரு பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. பயணத்துக்கே காரணம் அவர்தான். அந்த ஆலயத்தைக் கட்டிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. கல்லறை ஆலயத்துக்குள்ளே, பீடத்துக்கு முன்னால் இருக்கிறது. வேன் வந்து நின்றபோது மணி ஒன்றை நெருங்கியிருந்தது, கதவு பூட்டியிருந்தது. நான் சாவிக்காரரைத் தேடிப் போனேன். அதற்குள் பிள்ளைகள் பசியில் அழ, டிரைவர் ஹாரன் அடிக்க, மருமகன் கடிகாரத்தைப் பார்க்க, "வெளியில இருந்து போட்டோ எடுத்துக்கலாம், கிளம்புங்க" என்று ஏறிவிட்டார்கள். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் திருக்கடையூர் போனபிறகு சொல்லியிருக்கிறார். விளைவு, மறுநாள் பயணத்தையே மாற்றித் திரும்ப வந்தார்கள். கூடுதல் கிலோமீட்டருக்கு வாடகை, டிரைவர் பேட்டா, ஒரு ராத்திரி அறை என்று எல்லாம் தண்டச்செலவு. பட்டியலில் இரண்டு ஊரை முதலிலேயே அடித்திருந்தால் இதில் ஒரு ரூபாய்கூடப் போயிருக்காது.

என் யோசனை இதுதான். தரங்கம்பாடிக்கு ஒரு முழுக் காலைப்பொழுது கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆராதனைக்கே போய் உட்காருங்கள், முடிந்ததும் நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம். மற்ற நாள் என்றால் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் வந்துவிடுங்கள். முடியாது, மதியம்தான் வருவோம் என்றால் வராமலே இருங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

எந்த ஆலயம் என்று தெரியாமல் படம் எடுப்பது

ஊர் வாசலான லேண்ட்போர்ட்டன் வழியாக உள்ளே வந்தால் கிங் தெரு. இந்த ஊர் டேனிஷ்காரர்கள் கையில் இருந்தபோது, 1792ல் கட்டிய வாசல் அது. அந்தத் தெருவில் இரண்டு பழைய ஆலயங்கள் இருக்கின்றன. 1701ல் எழுந்தது சீயோன் ஆலயம். சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியதே 1706 ஜூலையில்தான். ஆனாலும் சீயோன் முன்னால் நின்று, "இதுதாண்டா சீகன்பால்கு கட்டின சர்ச்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் அப்பாக்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர் 1707ல் கட்டிய முதல் ஆலயம் இப்போது இல்லை. இப்போது நிற்கும் புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபரில் பிரதிஷ்டை ஆனது. முகப்பில் கிரீடத்தோடு டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை எழுத்து இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பிள்ளைகளை விடுங்கள், கொஞ்ச நேரம் போனைக் கேட்கமாட்டார்கள்.

கோட்டையைக் கடைசிக்குத் தள்ளுவது

பெரும்பாலோர் ஆலயத்தைப் பார்த்துவிட்டு, கடல் காற்று வாங்கக் கோட்டைக்குப் போவார்கள். நான் தலைகீழாகக் கூட்டிப்போவேன். முதலில் டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் 1620ல் கட்டத் தொடங்கியது. சீகன்பால்குவை இந்தியாவுக்கு அனுப்பியவர் டென்மார்க் அரசர். அதே அரசரின் அதிகாரி இங்கே அவரைப் பிடித்து இந்தக் கோட்டைக்குள் ஏறத்தாழ 4 மாதம் அடைத்து வைத்தார். 1708 கடைசியில் உள்ளே போனவர் 1709ல்தான் வெளியே வந்தார். அப்புறம் 1715ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார், 1718ல் ஆலயத்தையும் கட்டி முடித்தார். பிரதிஷ்டை முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1719 பிப்ரவரியில் இறந்துபோனார். வயது 36.

கோட்டையில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, அங்கிருந்து நடந்தே ஆலயத்துக்கு வாருங்கள். பக்கம்தான். அதே அரசரின் முத்திரை முகப்பில் இருப்பதைப் பார்த்ததும் பத்து வயதுப் பிள்ளைகூட, "ஜெயில்ல போட்டாங்களே, அப்புறம் எப்படி?" என்று கேட்கும். ஆலயத்தை முதலில் பார்த்தால் இந்தக் கேள்வி வராது.

வெள்ளிக்கிழமை வருவது

கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.

மாசிலாமணிநாதரை விட்டுவிட்டுப் போவது

சர்ச் பார்க்க வந்தவர்கள் கடலோரத்துக் கோயிலைக் கண்டுகொள்வதே இல்லை. 1306ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில், டேனிஷ் கப்பல் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்னாலேயே இங்கே நின்றது. முன்பக்கத்தை அலை கொண்டுபோய்விட்டது. கோட்டையிலிருந்து வடக்கே பார்த்தாலே தெரியும். கரையில் கொட்டியிருக்கும் பாறைகள் மேல் மட்டும் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள், வழுக்கும்.

டிசம்பரில் மழையை மறந்துவிடுவது

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊர் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். ஜனவரி, பிப்ரவரிதான் என் கட்சி.

பசியோடு உள்ளே வருவது

ஊருக்குள் சாப்பாட்டுக் கடை குறைவு. பொறையாறு பக்கத்திலேயே இருக்கிறது, டிபனை அங்கே முடித்துக்கொண்டு வாருங்கள்.