ஐஇஎல்டிஎஸ் ரீடிங்: விஷயம் தெரிந்தவர்கள் செய்யும் தவறுகள்

வெளிநாடு போக எழுதும் ஆங்கிலப் பரீட்சையான ஐஇஎல்டிஎஸ்ஸில், படித்துப் புரிந்து விடை எழுதும் ரீடிங் பகுதிக்கு மட்டும், பெங்களூரு முருகேஷ்பாளையாவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சின்ன வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். மருத்துவமனையில் நைட் டூட்டி முடித்து நேராக வரும் நர்ஸுகள், வைட்ஃபீல்டில் டெஸ்டிங் வேலை பார்க்கும் பையன்கள், கனடாவுக்கு விண்ணப்பிக்கத் தயாராகும் தம்பதிகள். ஒவ்வொரு பேட்ச்சும் வரும்போது, நான் பரீட்சைக்குப் படித்த காலத்தில் செய்த அதே தவறுகளோடு வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நேரத்தோடு தூங்குங்கள், பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், தினமும் ஆங்கிலப் பேப்பர் படியுங்கள் என்பதையெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். மதிப்பெண் உண்மையில் எங்கே போகிறதோ அதை மட்டும் பார்ப்போம்.

முதலில் கணக்கு. ரீடிங்கில் 40 கேள்விகள், 60 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு மதிப்பெண். பொதுவாக வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் அகாடெமிக் பிரிவில் ஏறக்குறைய 23 சரியாக இருந்தால் பேண்ட் (மதிப்பெண் நிலை) 6, 30 இருந்தால் 7, 35 இருந்தால் 8. அதாவது மூன்று நான்கு கேள்விகள் கைநழுவினால் அரை பேண்ட் போய்விடும். அந்த அரை பேண்டுக்காக மறுபடியும் முழுக் கட்டணம் கட்டி எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அந்த மூன்று நான்கு கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போகின்றன.

பேஸேஜில் இல்லாததை நீங்களாகக் கொண்டுவருவது

ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் என்று ஒரு கேள்வி வகை உண்டு. பேஸேஜ் சொல்வதோடு கூற்று பொருந்தினால் ட்ரூ. பேஸேஜ் அதற்கு மாறாகச் சொன்னால் ஃபால்ஸ். பேஸேஜ் அதைப் பற்றி எதுவுமே சொல்லாவிட்டால் நாட் கிவன். விதி இவ்வளவுதான், வகுப்பில் எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு விடைத்தாளை வாங்கிப் பார்த்தால் பேஸேஜைத் தவிர மற்ற எல்லாம் அதில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்தது, வாட்ஸ்அப்பில் வந்தது, ஆபீஸில் பேசிக்கொண்டது எல்லாம்.

இதைப் புரியவைக்கவே நம் ஊர் விஷயத்தில் ஆங்கிலத்தில் ஒரு குட்டி பேஸேஜ் தயாரித்து வைத்திருக்கிறேன். அதன் சாரம் இது: "காவிரியில் சிவசமுத்திரத்தில் அமைந்த நீர்மின் நிலையத்திலிருந்து 1902இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. கம்பி ஏறக்குறைய 150 கிலோமீட்டர் நீளம். மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் இந்தத் திட்டத்துக்கு ஆதரவாக நின்றார். பெங்களூரு நகருக்கு 1905இல் மின்சாரம் வந்தது."

இதற்கு நான்கு கூற்றுகள் கொடுப்பேன்.

ஒன்று: பெங்களூருவுக்கு முன்பே தங்கவயலுக்கு மின்சாரம் கிடைத்தது. இது ட்ரூ. சிலர் இதற்கே நாட் கிவன் போடுவார்கள். "முன்பே" என்று பேஸேஜில் இல்லையே அக்கா என்பார்கள். 1902 எது, 1905 எது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வெளியிலிருந்து கொண்டுவந்த அறிவு ஆகாது. இரண்டு ஆண்டுகளும் பேஸேஜிலேயே இருக்கின்றன. பேஸேஜில் இருப்பதை வைத்துக் கணக்குப் போடலாம், போடத்தான் வேண்டும்.

இரண்டு: சுரங்கத்துக்குள் விளக்கு எரிக்க மட்டுமே இந்த மின்சாரம் பயன்பட்டது. தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வைட்ஃபீல்டுக்கு வேலைக்கு வந்துபோகும் ஒரு தம்பி இதற்கு ஃபால்ஸ் போட்டிருந்தான். போட்டதோடு விடவில்லை, எழுந்து நின்று வாதாடினான். "எங்க தாத்தா சாம்பியன் ரீஃப்ல வேலை பார்த்தவரு அக்கா. ஆளை இறக்குற கூண்டு, தண்ணி இறைக்கிற பம்ப் எல்லாமே கரண்ட்லதான் ஓடும். விளக்குக்கு மட்டும்னு எப்படிச் சொல்றாங்க?" அவன் சொன்னது எனக்கும் பிடித்திருந்தது, அத்தனை பேரும் காது கொடுத்துக் கேட்டார்கள். ஆனால் மின்சாரம் எதற்குப் பயன்பட்டது என்று பேஸேஜ் வாயே திறக்கவில்லை. விடை நாட் கிவன். தாத்தா சாட்சி சொல்ல வரலாம், அந்தச் சாட்சியம் பரீட்சை ஹாலில் செல்லாது.

மூன்று: மின் தெருவிளக்கு எரிந்த முதல் ஆசிய நகரம் பெங்களூரு. இதைப் பெங்களூருவில் வளர்ந்த எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். மெட்ரோவில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கேட்டாலும் ஆமாம் என்பார். வகுப்பில் பாதிப் பேர் யோசிக்காமல் ட்ரூ போட்டுவிடுவார்கள். பேஸேஜில் ஆசியாவும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. இதுவும் நாட் கிவன்.

நான்காவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். கூற்று இது: மின் நிலையம் இயங்கத் தொடங்கும் முன்பே சேஷாத்ரி ஐயர் இறந்துவிட்டார். வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும், அவர் காலமானது 1901இல். ஆக, கூற்று உண்மை. சேஷாத்ரிபுரத்தில் குடியிருக்கும் ஒருவர் இதை ஆண்டோடு சொன்னார், அவ்வளவு தெளிவாக. அவரும் ட்ரூ போட்டிருந்தார். விடை நாட் கிவன். உலகத்தில் உண்மையாக இருப்பது வேறு, இந்தப் பேஸேஜ் அதைச் சொல்வது வேறு. கேள்வி இரண்டாவதைப் பற்றி மட்டும்தான்.

நன்றாகப் படித்தவர்களுக்குத்தான் இந்தத் தவறில் அடி அதிகம். அதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. நர்ஸுக்கு மருத்துவ பேஸேஜ் வந்தால், சாஃப்ட்வேர்காரருக்கு ஏஐ பற்றிய பேஸேஜ் வந்தால், "இது நம்ம ஏரியா" என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். படிக்கும் வேகம் கூடுகிறது, கவனம் குறைகிறது, பேஸேஜ் சொல்லாததையெல்லாம் அவர்கள் மூளை நிரப்பிக்கொள்கிறது. வெளிநாட்டுப் பூச்சியைப் பற்றியோ பழைய கப்பலைப் பற்றியோ பேஸேஜ் வந்தால் இதே ஆட்கள் நன்றாகச் செய்வார்கள். தெரியாத விஷயம், அதனால் ஒவ்வொரு வரியையும் பார்க்கிறார்கள். தெரிந்த விஷயம் வரும்போதுதான் இரண்டு மடங்கு மெதுவாகப் போக வேண்டும்.

இதற்கு நான் சொல்லித்தரும் வழி எளிதானது, ஆனால் பிடிவாதமாகச் செய்ய வேண்டும். பயிற்சியின்போது ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் அது பேஸேஜில் எந்த வரியில் இருக்கிறது என்று எண் போடுங்கள். ட்ரூ என்றால் அந்த வரியில் விரல் வைக்க முடிய வேண்டும். ஃபால்ஸ் என்றாலும் அப்படித்தான், எந்த வரி மறுக்கிறது என்று காட்ட வேண்டும். விரல் வைக்க வரி கிடைக்காவிட்டால் அது ஃபால்ஸ் ஆகாது. நாட் கிவனுக்கும் ஒரு இடம் உண்டு. இந்த வகைக் கேள்விகள் பேஸேஜின் வரிசையிலேயே வரும். மூன்றாவது கேள்விக்கான வரியும் ஐந்தாவதுக்கான வரியும் கிடைத்துவிட்டால், நான்காவது அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். அங்கே தேடுங்கள், இல்லாவிட்டால் நாட் கிவன் போட்டுவிட்டு நகருங்கள். முழுப் பேஸேஜையும் மறுபடி முதலிலிருந்து தோண்டுகிறவர்கள் மூன்றாவது பேஸேஜுக்கு நேரமில்லாமல் தவிக்கிறார்கள்.

வரி எண் போடச் சொன்னால் முதல் இரண்டு வாரம் எல்லோரும் முனகுவார்கள். நேரம் ஆகிறது என்பார்கள். ஆகட்டும். பயிற்சியில் நேரம் ஆனால் பரவாயில்லை. அந்தத் தங்கவயல் தம்பி இப்போது விடை எழுதும் முன் தானாகவே பேஸேஜில் விரலை வைத்துவிடுகிறான். வாதாடுவதை நிறுத்தவில்லை, ஆனால் இப்போது வரி எண்ணைச் சொல்லி வாதாடுகிறான்.

வேர்ட் லிஸ்ட்டை அகர வரிசையில் மனப்பாடம் செய்வது

அண்ணனிடமிருந்து தம்பிக்கு, சீனியரிடமிருந்து ஜூனியருக்கு என்று கைமாறி வரும், மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ பரீட்சைக்கான வேர்ட் லிஸ்ட் ஒன்று எல்லோர் போனிலும் இருக்கிறது. ஏ, பி முடித்து சி பாதியில் நிற்பார்கள், அடுத்த மாதம் மறுபடி ஏயிலிருந்து தொடங்குவார்கள். ஜிஆர்இ பரீட்சையிலேயே எதிர்ச்சொல் கேள்விகளையும் ஒப்புமைக் கேள்விகளையும் 2011இல் எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கேயும் சொல் தனியாக வருவதில்லை, வாக்கியத்துக்குள்தான் வருகிறது. ஐஇஎல்டிஎஸ் ரீடிங்கில் சொல்லுக்குப் பொருள் சொல் என்று நேரடியாகக் கேட்பதே இல்லை.

பட்டியல் வேண்டும் என்றால், நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் அவெரில் காக்ஸ்ஹெட் தயாரித்து 2000இல் வெளியிட்ட அகாடெமிக் வேர்ட் லிஸ்ட் போதும். அதில் 570 சொற்குடும்பங்கள். கல்வி நூல்களில் எந்தத் துறையானாலும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இவை. இதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். பயிற்சிப் பேஸேஜை முடித்ததும் அதில் வந்த சொற்களில் எவையெல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சொல் வந்த முழு வாக்கியத்தையும் நோட்டில் எழுதுங்கள். வெறும் பொருளை எழுதினால் இரண்டு நாளில் மறந்துபோகும். வாக்கியமாக எழுதினால் அந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதும் கூடவே மனதில் நிற்கும். மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஹலசூரு ஸ்டேஷனில் ஏறி வைட்ஃபீல்டு போய்ச் சேர்வதற்குள் ஒரு வாரத்துச் சொற்களைத் தாராளமாகப் பார்த்துவிடலாம்.

அப்புறம், பேஸேஜ் நடுவே தெரியாத சொல் வந்தால் நின்றுவிடாதீர்கள். முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் படியுங்கள். துறை சார்ந்த கடினமான சொல்லாக இருந்தால் அடுத்த வரியிலேயே விளக்கியிருப்பதும் உண்டு. அந்த ஒரு சொல் தெரியாமலே கேள்விக்கு விடை எழுதிவிடலாம் என்பதும் அடிக்கடி நடக்கும்.

மாக் டெஸ்ட்டை எண்ணிக்கைக்காக எழுதுவது

கேம்பிரிட்ஜ் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் நான்கு டெஸ்ட் இருக்கும். திங்கள் முதல் வியாழன் வரை நான்கையும் முடித்துவிட்டு வெள்ளிக்கிழமை அடுத்த புத்தகம் கேட்கிறார்கள். மதிப்பெண்ணைப் போட்டு, தப்பான விடைக்குப் பக்கத்தில் சரியான எழுத்தை எழுதி மூடிவிடுகிறார்கள். ஏன் தப்பானது என்று கேட்டால் பதில் இல்லை. வரியைக் கண்டுபிடிக்கவில்லையா, கண்டுபிடித்தும் தவறாகப் புரிந்துகொண்டீர்களா, நேரம் போதவில்லையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒரு டெஸ்ட் எழுத ஒரு மணி நேரம் என்றால் அதை அலச இரண்டு மணி நேரம் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு டெஸ்ட் போதும்.

சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் இந்தப் புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். வாங்கும் முன் புரட்டிப் பாருங்கள், யாரோ பென்சிலில் விடை குறித்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அழிரப்பர் எடுத்து, விடையைப் படிக்காமல் அழிக்கச் சொல்லி வேறு யாரிடமாவது கொடுங்கள்.

சொல் வரம்பை மீறுவது

"இரண்டு சொற்களுக்கு மிகாமல்" என்றால் மூன்று சொல் எழுதியவருக்குப் பூஜ்யம்.

எழுத்துப்பிழை

ரீடிங்கிலும் உண்டு. சொல் பேஸேஜிலேயே இருக்கிறது, பார்த்து எழுதுங்கள்.

விடையை விடுவது

தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எதையாவது போடுங்கள்.

விடைத்தாளுக்கு மாற்றத் தனி நேரம் இருக்கிறது என்று நம்புவது

பேப்பரில் எழுதுகிறவர்களுக்கு லிஸனிங்கில் அதற்கென்று 10 நிமிடம் உண்டு, ரீடிங்கில் கிடையாது. 60 நிமிடத்துக்குள் விடைத்தாளில் இருக்க வேண்டும்.

தப்பான பிரிவுக்குப் படிப்பது

புள்ளிகளை வைத்துக் குடியேற ஆட்களைத் தேர்வு செய்யும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்களுக்கு ஜெனரல் டிரெய்னிங் வேண்டும், அகாடெமிக் செல்லாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்புக்குப் போகிறவர்கள் பொதுவாக எழுதுவது அகாடெமிக். கேட்டால் எல்லோருக்கும் தெரியும் என்கிறார்கள். ஆனாலும் அகாடெமிக் புத்தகத்தை வைத்துப் பயிற்சி செய்து, "முப்பது வந்துவிட்டது, ஏழு கிடைக்கும்" என்று நிம்மதியாக இருக்கும் ஜெனரல் ஆட்களை ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்க்கிறேன். ஜெனரலில் பேஸேஜ்கள் எளிது, அதனால் வரம்பு உயரம். அங்கே 30 சரியாக இருந்தால் ஏறக்குறைய பேண்ட் 6தான். 7 வேண்டும் என்றால் 34 வேண்டும். கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சிஎல்பியில் 9ஆம் நிலையை எட்ட ரீடிங்கில் 7 தேவை. அந்த நான்கு கேள்விகளில் குடும்பத்தின் மொத்தப் புள்ளியே மாறிவிடக்கூடும்.

கட்டணம் கட்டும் பக்கத்தில் எந்தப் பிரிவு தேர்வாகியிருக்கிறது என்று கணவனும் மனைவியும் தனித்தனியாக ஒருமுறை படித்துப் பாருங்கள். கையில் இருக்கும் பயிற்சிப் புத்தகத்தின் அட்டையையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கேம்பிரிட்ஜ் புத்தகங்கள் அகாடெமிக்குக்குத் தனியாகவும் ஜெனரலுக்குத் தனியாகவும் வருகின்றன. தப்பானதை வாங்கியிருந்தால் வகுப்பில் கேளுங்கள், மாற்றிக்கொள்ள எப்போதும் யாராவது ஒருவர் இருப்பார்.