கோடான் அட்டவணையில் ஆதி உயிரின் தடங்களைக் காண்பது எப்படி?

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடி வட்டாரங்களில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் 64 கோடான்களையும், அதாவது மரபுச் செய்தியின் மூன்றெழுத்துச் சொற்களையும், தேர்வுக்காக உருப்போடுகிறார்கள். எந்தக் கோடான் புரதத்தின் கட்டுமான அலகான எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்ற மரபுக் குறியீடு எப்படி உருவாகியிருக்கக்கூடும் என்பதற்கான தடயங்களோ அந்த அட்டவணையின் அமைப்பிலேயே கிடக்கின்றன. அவற்றைக் காண ஒரு பெரிய தாளும் இரண்டு வண்ணப் பென்சில்களும் போதும்.

முதல் எழுத்தை இடப்புறமும், நடு எழுத்தை மேலேயும், மூன்றாம் எழுத்தை வலப்புறமும் வைத்து, ஆர்என்ஏவின் நான்கு எழுத்துகளான யு, சி, ஏ, ஜி என்ற வரிசையில் கட்டங்களை வரைந்து, ஒவ்வொன்றிலும் பாடநூலில் உள்ள அமினோ அமிலத்தின் பெயரை எழுதுங்கள். நீரை வெறுக்கும் அமினோ அமிலங்களுக்கு ஒரு வண்ணமும், நீரை விரும்புபவற்றுக்கு இன்னொரு வண்ணமும் தீட்டுங்கள். நடுவில் யு உள்ள பத்தியில் பினைல்அலனின், லியூசின், ஐசோலியூசின், மெத்தியோனின், வாலின் என அனைத்தும் நீர் வெறுப்பவையாகவே அமைந்திருப்பதையும், நடுவில் ஏ உள்ள பத்தி பெரும்பாலும் அதற்கு நேர்மாறாக இருப்பதையும் காண்பீர்கள்.

அடுத்து, 'ஜிஏஜி' என்ற ஒரே ஒரு கோடானை எடுத்து, எழுத்து எழுத்தாக மாற்றிப் பாருங்கள். இது குளுட்டாமிக் அமிலத்தைக் குறிக்கிறது. கடைசி எழுத்து ஏ ஆனால் அமிலம் மாறுவதில்லை. யு ஆனால் அதையொத்த அஸ்பார்டிக் அமிலம் வருகிறது. நடு எழுத்து யு ஆனாலோ நீர் வெறுக்கும் வாலின் வந்துவிடுகிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள பீட்டா குளோபின் என்ற புரதத்தில் நிகழும் இந்த மாற்றம்தான் அட்டப்பாடிப் பழங்குடிக் குடும்பங்கள் பல நன்கறிந்த அரிவாள் செல் நோய்க்குக் காரணம். முதலிரு எழுத்துகள் பொதுவாக உள்ள 16 தொகுதிகளில் எட்டில் மூன்றாம் எழுத்து எதுவானாலும் பொருள் மாறாது என்பதால், தொடக்கத்தில் முதலிரு எழுத்துகளே பொருளைத் தாங்கின என்று கருதுவோர் உண்டு.

இனி, ஜி என்று தொடங்கும் வரிசையைச் சுற்றிக் கோடிடுங்கள். அங்குள்ள கிளைசினும் அலனினும் 1953இல் வேதியியலாளர் ஸ்டான்லி மில்லர், உயிர் தோன்றும் முன்பிருந்த பூமியைப் போன்ற நிலையை உருவாக்க எளிய வாயுக்களில் மின்பொறி பாய்ச்சிய சோதனையிலேயே உருவானவை. ஆகவே அந்த வரிசை குறியீட்டின் மிகப் பழைய பகுதியாக இருக்கலாம். சிக்கலான அமைப்புடைய டிரிப்டோஃபானுக்கு ஒரே ஒரு கோடான்தான் உண்டு. அது பிற்காலத்தில் சேர்ந்தது என்றே பலரும் கருதுகின்றனர்.

இந்தக் குறியீடு தற்செயலாக அமைந்து, பின்னர் மாற்ற இயலாதபடி உறைந்துபோனது என்று டிஎன்ஏவின் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக் 1968இல் முன்வைத்த கருத்தை இப்போது எடைபோடுங்கள். உறைந்தது ஏன் என்பதை அது நன்றாகவே விளக்குகிறது; ஒரு குறியைப் புதிதாக மாற்றினால் உடலின் பல புரதங்கள் ஒருசேரக் கெடும். ஆனால் நீங்கள் தீட்டிய பத்திகளின் ஒழுங்கை அது மட்டும் விளக்கிவிடும் என்று நான் கருதவில்லை. எழுத்துப் பிழையின் கேட்டைக் குறைத்த அமைப்புகள் இயற்கைத் தேர்வில் நிலைத்திருக்க வேண்டும். உறைவும் முழுமையானதன்று: பொது அட்டவணையில் புரதம் இங்கே முடிகிறது என்னும் நிறுத்தக் குறியான 'யுஜிஏ', செல்லுக்கு ஆற்றல் தரும் நம் மைட்டோகாண்ட்ரியாவில் டிரிப்டோஃபானைக் குறிக்கிறது. அந்தக் கட்டத்தில் இரண்டு பொருளையும் எழுதி வையுங்கள்.