செக் இன்ஜின் லைட் எரிந்தால் பேட்டரி வயரில் கை வைக்காதீர்கள்

மீட்டரில் மஞ்சளாக இன்ஜின் படம் எரிந்ததும் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, பத்து நிமிடம் கழித்து மாட்டும் பழக்கம் எங்கள் கடலூரில் நிறையப் பேருக்கு உண்டு. நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். லைட் அணைந்தது. நான்காம் நாள் மறுபடி எரிந்தது. மஞ்சக்குப்பத்தில் மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "பேட்டரியைக் கழட்டினீங்களா சார்? முதல்ல என்ன நடந்துச்சுன்னு இப்ப எனக்குத் தெரியாதே" என்றார்.

அவர் சொன்னது நியாயம். கோளாறு பதிவாகும் நொடியில் வண்டியின் வேகம், ஆர்.பி.எம்., இன்ஜின் சூடு எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் சேர்த்தே எழுதி வைக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் அந்தப் பதிவு அழிந்துவிடும். ஸ்கேனரில் தெரியும் கோட் எண்ணை, அதாவது கோளாறைக் குறிக்கும் எண்ணை, முதலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் மாட்டுகிற சிறிய புளூடூத் ஸ்கேனர் இருந்தால் வீட்டிலேயே படிக்கலாம்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தவறு. புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் பெட்ரோல் விலை குறைவு. அதனால் புதுச்சேரி போகும்போதெல்லாம் டேங்கை நிரப்பிக்கொண்டு வருகிறோம். அதில் தப்பே இல்லை. ஆனால் பம்ப் ஆட்டோ கட் ஆன பிறகும், "இன்னும் கொஞ்சம் விடுங்க" என்று கழுத்து வரை நிரப்பச் சொல்கிறோமே, அதுதான் வம்பு. டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் ஒரு கரி டப்பா பிடித்து வைக்கிறது. வண்டி ஓடும்போது ஒரு வால்வு திறந்து அந்த ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும். ஆவிக்கான அந்த டப்பாவுக்குள் பெட்ரோலே புகுந்தால் கரி ஊறிக் கெட்டுப்போகும். பங்கிலிருந்து கிளம்பும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஐடிலில் உதறுவது, பிறகு லைட் எரிவது எல்லாம் இதனால் வரலாம். முதல் கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். மிச்சமாகும் பத்து இருபது ரூபாய்க்காக அந்த டப்பாவைப் பலி கொடுக்க வேண்டாம்.

டேங்க் மூடி லூசாக இருந்தாலும் லைட் எரியும் என்று அமெரிக்க வீடியோக்களில் முதல் காரணமாகச் சொல்வார்கள். அங்கே வண்டியே டேங்கில் கசிவு இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளும். இங்கே எல்லா வண்டியிலும் அந்தச் சோதனை இருக்காது. மூடியை இறுக்கிப் பாருங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

கோட் எண்ணைப் படித்தவுடன் பாகத்தை மாற்றுவதும் வீண்செலவு. பி 0171 என்றால் இன்ஜினுக்குள் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றுதான் அர்த்தம். ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வெடித்த ரப்பர் ஹோஸ், அழுக்கடைந்த ஏர் ஃப்ளோ சென்சார், பலவீனமான பெட்ரோல் பம்ப் என எதுவாகவும் இருக்கலாம். புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி 0420 வந்தாலும் அப்படித்தான். சைலன்சர் பைப்பில் ஓட்டை இருந்தாலே அந்தக் கோட் எண் வரக்கூடும்.

கடலோரத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் வயர்களை இணைக்கும் கப்ளர்களைக் கவனியுங்கள். உப்புக் காற்றில் உள்ளே பச்சை பூத்து, நல்ல சென்சாரையே கெட்டதாகக் காட்டும். மழைக்காலத்தில் எலி பானெட்டுக்குள் ஒதுங்கி வயரைக் கடிக்கும். இன்ஜினில் பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவ வேண்டாம்.

லைட் நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல ஓடினால், நிதானமாக ஓட்டி இரண்டொரு நாளில் காட்டலாம். விட்டு விட்டு மின்னினால் மட்டும் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். பிளக்கோ இக்னிஷன் காயிலோ சரியாக வேலை செய்யாதது போன்ற காரணத்தால் மிஸ்ஸிங் ஆகிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்பதற்கான எச்சரிக்கை அது. எரியாத பெட்ரோல் கேடலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கானை உருக்கிவிடும். பிளாட்டினம், பல்லேடியம் பூசிய பாகம் அது. ஒரு பிளக்கின் விலையோடு ஒப்பிடவே முடியாது. ஈ.சி.ஆரில் போய்க்கொண்டிருந்தாலும் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள், வண்டியை இழுத்துப்போக ஆளைக் கூப்பிடுங்கள்.